பூனைக்குட்டி கையைக் கடிக்கிறதா?

நெல் மூட்டைக்கு எலிக்காவலாக வளர்க்கும் பூனைக்குட்டி, விளையாட்டாகக் கையைக் கடிப்பதுண்டு. 8 வாரத்திற்கு முன்பே தாயைப் பிரிந்த குட்டியிடம் இது அதிகம்.

குழந்தைகள் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டுவதே முதல் தவறு. ஆடும் விரல் குட்டிக்கு எலிதான்! கயிற்றில் கந்தல் துணியைக் கட்டி இழுத்துக் காட்டுங்கள். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிடி இறுகும், தோல் கிழியும். கையை அசைக்காமல் வைத்திருந்து, குட்டி விட்டதும் எழுந்து போய்விடுங்கள். கடித்தால் ஆட்டம் நின்றுவிடும் என்பதை அது விரைவில் கற்றுக்கொள்ளும். வீட்டில் அனைவரும் இவ்வாறே செய்ய வேண்டும். அடிக்காதீர்கள், அடிபட்ட குட்டி அச்சத்தால் மேலும் கடிக்கும்.

பல் பட்டு இரத்தம் கசிந்தால், 'குட்டிதானே' என்று மஞ்சள் தடவி விட்டுவிடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் கால்நடை மருந்தகத்தில் அதற்கும் போடவும்.