வால்வுப் பெருக்கிக்கு எந்த மின்மாற்றி?

என் மாணவர் ஒருவர் பழைய வால்வுப் பெருக்கி ஒன்றைப் பழுது பார்த்தார். அதிலிருந்த ஈ.இசட். 80 என்னும் திருத்தி வால்வு செயலிழந்திருந்தது. அதற்குப் பதிலாக இரண்டு சிலிக்கான் டையோடுகளை இணைத்தார். சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்தில் வடிகட்டி மின்தேக்கி உப்பி வெடித்தது. டையோடில் குறையில்லை, கணக்கில்தான் குறை. அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போமா?

பெருக்கியில் இருந்தவை ஓர் ஈ.எல். 84, ஓர் ஈ.சி.சி. 83. ஈ.எல். 84-இன் நேர்மின்வாய் 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியரும், திரைக் கிரிட் 5.5 மில்லி ஆம்பியரும் எடுக்கும். மற்றதற்கு 2 போதும். ஆக, சுமார் 56 மில்லி ஆம்பியர். ஈ.இசட். 80 தரக்கூடியது 90, தாராளம். ஆனால் மின்தேக்கி சிறுசிறு துடிப்புகளாகவே மின்னோட்டத்தை இழுப்பதால் சுருள் கூடுதலாகச் சூடேறும். எனவே மின்மாற்றியில் 100 மில்லி ஆம்பியர் சுருளாகப் பார்த்து வாங்குவதே நல்லது.

சூடேற்றும் இழைகளுக்கு 6.3 வோல்ட்டில் 0.76, 0.3, திருத்திக்கு 0.6, கூட்டினால் 1.66 ஆம்பியர். 2 ஆம்பியர் சுருள் ஒன்றே மூன்றுக்கும் போதும். 5ஒய்3 போன்ற திருத்திகளில் இழையே எதிர்மின்வாய். அவற்றுக்கு 5 வோல்ட் சுருள் தனியே வேண்டும்.

இனி வெடித்த கதைக்கு வருவோம். மின்மாற்றி 250-0-250 வகை. 250 என்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு. மின்தேக்கியோ உச்ச மதிப்புக்கு ஏறும்: 250 × 1.414 = 353 வோல்ட். திருத்தி வால்வு மெல்லத்தான் சூடேறும். அதற்குள் மற்ற வால்வுகளும் சூடேறி மின்னோட்டம் எடுக்கத் தொடங்கிவிடும். மின்னழுத்தம் 280-ஐ ஒட்டி நின்றுவிடும். சிலிக்கான் டையோடு காத்திருப்பதில்லை. சுவிட்சைப் போட்டதுமே 353-உம் வந்துவிடும். 230 வோல்ட் லைன் 250-க்கு ஏறியிருந்தால் 384! மாணவரின் மின்தேக்கி தாங்கக்கூடியது 350 மட்டுமே. 450 வோல்ட் மின்தேக்கி தப்பியிருக்கும்.

டையோடு எதிர்த்திசையில் தாங்க வேண்டியது உச்சத்தின் இரு மடங்கு, அதாவது 707 வோல்ட். லைன் ஏறினால் 768. 1000 வோல்ட் தாங்கும் 1என்4007 சரி. 400 வோல்ட் 1என்4004 உடைந்துவிடும். பழைய பெருக்கிக்குத் திருத்தி வால்வே என் தேர்வு.

ஆசிரியர் உடனில்லாமல் இச்சோதனையில் இறங்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதன் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை நிலையாக இணைத்தால் 50 மைக்ரோ பாரடு மின்தேக்கி ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். அப்போதும் மீட்டர் வைத்து அளந்த பிறகே தொடுங்கள்.