வளையும், மடங்காது

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நான்கு பாகலூரிலிருந்து வந்தவை. நான்குமே எண்ணெய் ஊற்றுவதைப் பற்றியவை. ஓசூரிலிருந்து மாலூர் போகிற சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் அது. ஒரு பக்கம் ரோஜாத் தோட்டம், இன்னொரு பக்கம் லேத் பட்டறை. அந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்டதில் ஆச்சரியமில்லை. பகுதி முழுவதையும் இம்முறை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் பட்டறையில் ஒரு பழைய ஆயில் கேன் இருக்கிறது. அதன் இரும்பு மூக்கு பாம்பு மாதிரி வளைகிறது, ஆனால் அடைபடுவதில்லை. ரப்பர் டியூபை மாட்டினால் வளைத்ததும் ஒட்டிக்கொள்கிறது. இந்த மூக்கைக் கண்டுபிடித்த மெக்கானிக் யார்?
(இருசக்கர வாகன மெக்கானிக், பாகலூர்)

பதில்: மெக்கானிக் அல்ல, நகை செய்கிறவர்.

வளையும் மூக்குக்கு முந்திய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாத இடத்துக்கு எண்ணெய் விட வேண்டுமானால் மூக்கை நீட்ட வேண்டும். அது ஒன்றுதான் வழி. நீராவி ரயில் ஓட்டியவர்கள் கையில் வைத்திருந்த கேனைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கொக்கின் அலகுபோல நீண்டு விறைத்த மூக்கு அதற்கு. சக்கர ஆரங்களுக்கு நடுவே கை போகாது, மூக்கு போகும். உங்கள் ஓசூருக்கும் ஒரு காலத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாகக் குறுகிய பாதை ரயில் வந்துகொண்டிருந்தது. உலகப் போர்க்காலத்தில் அதை மூடிவிட்டார்கள்.

நீராவி இன்ஜினுக்குத் தானாகவே எண்ணெய் சொட்டும் கருவியைச் செய்து 1872-இல் காப்புரிமை வாங்கியவர் இலைஜா மெக்காய். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடிவந்த பெற்றோரின் மகன். எடின்பரோவில் இயந்திரவியல் படித்தவர். அத்தனை படித்தவருக்கு மிச்சிகன் ரயில்வேயில் கிடைத்த வேலை அடுப்புக்குக் கரி தள்ளுவதும் இன்ஜினுக்கு எண்ணெய் விடுவதும்தான். கறுப்பர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கசக்கும். எண்ணெய் விட்ட அந்தக் கைதான் வழியும் கண்டது. ஆனால் அவர் செய்தது இன்ஜினிலேயே பொருத்துகிற கருவி. கையில் தூக்கும் கேனின் மூக்கு விறைப்பாகவே இருந்தது.

வளைவு நகைப் பட்டறையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் தென்மேற்கில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்று ஓர் ஊர் உண்டு. நகைத் தொழிலுக்குப் பேர்போனதால் 'தங்க நகரம்' என்றே அதைச் சொல்வார்கள். அங்கே ஹைன்ரிக் விட்ஸன்மான் 1854-இல் நகைத் தொழில் தொடங்கினார். அந்தக் காலத்துக் கழுத்தணிகளில் ஒன்றுக்கு 'வாத்துத் தொண்டை' என்று பெயர். மெல்லிய உலோகப் பட்டையைச் சுருளாகச் சுற்றி, ஒரு சுற்றின் ஓரத்தை அடுத்த சுற்றின் ஓரத்தில் கொக்கிபோல மாட்டிவிடுவார்கள். உள்ளே வெற்றுக் குழல். விரலில் சுற்றினால் வழுக்கிக்கொண்டு வளையும். 1885-இல் விட்ஸன்மானும் ஓழேன் லெவாவாஸர் என்ற பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து, கழுத்தில் கிடந்த அந்தச் சுற்றை நீரும் நீராவியும் போகிற குழாயாக மாற்றினார்கள். வளையும் உலோகக் குழாயின் தொடக்கம் அதுதான். உங்கள் கேனின் மூக்கு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ரப்பர் டியூப் ஏன் ஒட்டிக்கொள்கிறது, இது ஏன் ஒட்டுவதில்லை? எந்தக் குழாயை வளைத்தாலும் வெளிவளைவு நீள வேண்டும், உள்வளைவு குறுக வேண்டும். டியூபின் உட்பக்கச் சுவரில் மிஞ்சுகிற அந்த நீளத்துக்குப் போக இடமில்லை. முதலில் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும், பிறகு சட்டென்று மடங்கிவிடும். சுருள் மூக்கில் ஒவ்வொரு கொக்கிக்கும் கொஞ்சம் விளையாட்டு இருக்கிறது. வெளிப்பக்கம் கொக்கிகள் விலகி நீளம் கொடுக்கும், உட்பக்கம் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளத்தை வாங்கிக்கொள்ளும். கொக்கிகள் முட்டியதும் வளைவு அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் நீங்கள் அழுத்தினாலும் வராது. வட்டம் வட்டமாகவே இருப்பதால் எண்ணெய்க்கு எப்போதும் வழி திறந்திருக்கும்.

இதில் ஒரு குறையும் உண்டு. கொக்கிக்கு விளையாட்டு இருந்தால் கசிவும் இருக்கும். அதற்காகச் சுற்றுகளின் இடுக்கில் ரப்பர் நூலை வைத்துச் சுற்றினார்கள். பழைய மூக்குகளில் அந்த அடைப்பு காய்ந்து போனதும் மூட்டுக்கு மூட்டு எண்ணெய் வியர்க்கத் தொடங்கும். உங்கள் கேனை நிமிர்த்தி வைத்த பிறகும் மூக்கின் வெளிப்பக்கம் பிசுபிசுக்கிறதென்றால் அதுதான் காரணம்.

இப்போது 20 லிட்டர் ஆயில் பக்கெட்டின் மூடியில் பிளாஸ்டிக் மூக்கு ஒன்று அமுங்கிக் கிடக்கிறதே, காதைப் பிடித்து இழுத்தால் எழும்புமே, அது வேறு வழியில் வந்தது. ஆர்மோனியத் துருத்தியில் இருப்பது போன்ற மடிப்பு அது. நீளத்தை மடிப்புகளில் சேமித்து வைத்தால் வளைக்கும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதே மடிப்பை உறிஞ்சுகுழலில் போட்டவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜோசப் ஃப்ரீட்மேன். உயரமான கோப்பையிலிருந்து நேர்க்குழலில் குடிக்கத் தன் சின்னப் பெண் திணறியதைப் பார்த்தார். காகிதக் குழலுக்குள் ஒரு திருகாணியை விட்டு, மரையின் பள்ளத்தில் பல் இடுக்கு நூலை இறுக்கிச் சுற்றி, திருகாணியை வெளியே எடுத்தார். 1937-இல் காப்புரிமை கிடைத்தது. படுத்த படுக்கையாக இருந்த நோயாளிகளுக்காக மருத்துவமனைகள்தான் அதை முதலில் வாங்கின.

கேள்வி: தையல் மெஷின் எண்ணெய் டப்பாவின் அடியை அமுக்கினால் 'டக்' என்று சத்தம் வருகிறது. சத்தம் எதற்கு?
(தையல்காரர், பாகலூர்)

பதில்: சத்தத்துக்காகச் செய்ததல்ல, ஆனால் சத்தம் வருவது நல்லதுதான். அடித்தகடு தட்டை இல்லை, லேசாக வெளியே உப்பிய குவிவு. இப்படி உப்பிய தகடு இரண்டு நிலைகளில்தான் நிம்மதியாக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் நிற்காது. அமுக்கும்போது ஒரு கட்டம் தாண்டியதும் சட்டென்று உள்ளே குதிக்கிறது. அந்தக் குதிப்புதான் 'டக்'. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குதிப்பதால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு எண்ணெய் வெளியே வருகிறது. ஊசித்தண்டுக்கு இரண்டு சொட்டு போதுமென்றால் இரண்டு 'டக்'. துணியில் கறை படாமல் காப்பாற்றுவது அந்தக் கணக்குத்தான். தகரக் கூரையோ விமானத்தின் மேல்தகடோ இப்படி உப்பி ஒடுங்கினால் இன்றைக்கும் பொறியாளர்கள் அந்தக் கோளாறை ஆயில் கேனின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.

கேள்வி: அப்பா கேனைக் கவிழ்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று விட்டுவிட்டு வந்து கீழே சிந்துகிறது. சீராக வராதா? ஜெர்ரி கேன் என்ற பெயர் எப்படி வந்தது?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாகலூர்)

பதில்: எண்ணெய் வெளியே போன இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வாசல் என்றால் முறை வைத்துத்தான் போகும். ஒரு மடக்கு எண்ணெய், ஒரு குமிழி காற்று. அந்தக் குமிழியின் சத்தம்தான் 'குபுக்'.

இதற்கு உங்கள் அப்பா இன்றைக்கே ஒன்று செய்யலாம். ஐந்து லிட்டர் கேனின் வாய் ஓர் ஓரமாக இருக்கும். அந்த ஓரத்தைக் கீழே வைத்துத்தான் எல்லோரும் சாய்க்கிறோம். திருப்பி, வாய் மேலோரத்தில் இருக்கும்படி பிடித்து மெதுவாகச் சாய்த்தால், எண்ணெய் வாயின் அடிப்பாதியில் ஓடும், காற்று மேல்பாதியில் நுழையும். சிந்தாது. வீட்டில் தண்ணீர் நிரப்பிச் செய்து பாருங்கள்.

நம்மிடம் பழைய விடை ஒன்றும் இருக்கிறது: கெண்டி. நிரப்புகிற வாய் மேலே, ஊற்றுகிற மூக்கு பக்கவாட்டில். மூக்கு வழியாக நீர் போகும்போது வாய் வழியாகக் காற்று வருகிறது. அதனால் கெண்டி நீர் ஒரே கம்பியாக விழும். கடல் கடந்து போன பாத்திரம் அது. ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் இன்றும் அதற்குக் 'கெண்டி' என்றுதான் பெயர்.

ஜெர்ரி கேனுக்குள்ளும் இதே யோசனைதான். 1937-இல் ஜெர்மன் ராணுவத்துக்காக ஷ்வெல்ம் என்ற ஊரில் இருந்த நிறுவனம் ஒன்று செய்தது. வடிவமைத்தவர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல். கொள்ளளவு 20 லிட்டர். வாயிலிருந்து உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குழல் போகிறது, அதனால் ஊற்றும்போது திணறாது. மேலே மூன்று கைப்பிடி. ஒருவர் தூக்க நடுப்பிடி, இருவர் தூக்க ஓரப்பிடிகள், காலி கேன் என்றால் ஒரே கையில் இரண்டு. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படையின் மெல்லிய தகர டின்கள் ஒழுகி ஒழுகிப் பெட்ரோலை மணலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. எதிரியின் கேன் கையில் சிக்கியபோது அதையே வைத்துக்கொண்டார்கள், பிறகு அதேபோலச் செய்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜெர்மானியருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஜெர்ரி'. அந்தப் பெயர் கேனில் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: ஓசூரில் ஐடிஐ படிக்கிறேன். வீட்டில் பழைய டிவிஎஸ் வண்டி, தோட்டத்தில் பவர் ஸ்ப்ரேயர். இரண்டுக்கும் எண்ணெய் ஊற்ற, வளையும் மூக்கு ஒன்றை நானே செய்ய ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
(ஐடிஐ மாணவர், பாகலூர்)

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது. உங்கள் ஊர்ப் பக்கத்தில் இது புதிய கவலையும் இல்லை. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். ஒரு தலைமுறையே அளந்து ஊற்றப் பழகியது. ஃபனல் இல்லாத நேரத்தில் தண்ணீர் பாட்டிலின் தலையை அறுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டார்கள். நேராக மேலிருந்து ஊற்றக்கூடிய இடமென்றால் அது போதும். ஹேண்டில்பாருக்கும் சேஸிஸுக்கும் நடுவே சாய்த்து ஊற்ற வேண்டிய இடத்தில்தான் அது கைவிடும்.

முதலில் டியூபின் பொருளைப் பாருங்கள். பெரும்பாலோர் செய்கிற தவறு, கையில் கிடைத்த சைக்கிள் டியூபை வெட்டி மாட்டுவது. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் அந்த ரப்பருக்குள் ஊறும். சில நாளில் டியூப் உப்பிக் கொழகொழத்துப் போகும். கடையில் விற்கிற கண்ணாடி மாதிரியான பிவிசி குழாய்க்கு நேர்மாறான வியாதி. அதை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மானத்தை எண்ணெய் மெல்ல உறிஞ்சி எடுத்துவிடும், குழாய் விறைத்து வெடிக்கும். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். வண்டிகளின் ஆயில் சீல் பெரும்பாலும் அதில்தான் செய்கிறார்கள். பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் அது ஊறாமல் நிற்கும்.

அடுத்தது விட்டம். பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் பாய்சொய் சமன்பாடு இங்கேதான் கைக்கு வருகிறது. அவர் ஒரு பிரெஞ்சு மருத்துவர். நுண்ணிய நாளங்களில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய 1840 வாக்கில் கண்ணாடி இழைக்குழல்களில் அளந்து பார்த்தார். அவர் கண்டது இது: குழாயின் நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும், ஆனால் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். 12 மில்லிமீட்டர் குழாயில் ஒரு லிட்டர் எண்ணெய் அரை நிமிடத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நீளத்தில் 6 மில்லிமீட்டர் போட்டால் எட்டு நிமிடம் கேனைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஓசூர் மேட்டின் மார்கழிக் காலையில் எண்ணெய் தடித்திருக்கும்போது இன்னும் அதிகம். ஆகவே ஊற்றுகிற துளை எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு பெரிய குழாய் வையுங்கள், தேவைக்கு மேல் ஒரு விரற்கடை நீளம்கூட வேண்டாம்.

விட்டம் பெருத்தால் மடங்கும் ஆபத்தும் பெருகும். அதற்குக் குழாயின் உள்ளே அளவாக ஒரு ஸ்பிரிங்கைச் செருகிப் பாருங்கள். கம்பிச் சுற்று உள்ளிருந்து தாங்குவதால் வட்டம் நசுங்காது. வெளியே சுற்றினாலும் தாங்கும். உள்ளே வைத்தால் கழுவுவது கொஞ்சம் சிரமம். துருத்தி மடிப்புக் குழாய் வாங்கினால் ஸ்பிரிங் வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் எண்ணெய் தங்கும், அதில் தோட்டத்து மண் ஒட்டும், அடுத்த முறை அந்த மண் இன்ஜினுக்குள் போகும். ஸ்ப்ரேயருக்கு ஊற்றப்போகிறவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உள்சுவர் வழவழப்பாக இருப்பதே உங்களுக்கு நல்லது. நுனிக்கு ஒரு மூடி கட்டாயம்.

காற்றுக்கு வழி விட மறக்காதீர்கள். கேனின் வாயை மூக்கு முழுதாக அடைத்துக்கொண்டால், மேலே சொன்ன குபுக் குபுக் வந்துவிடும். பென்சில் தடிமனில் ஒரு சிறு குழலை மூடியில் துளையிட்டு, கேனின் அடிவரை போகும்படி செருகுங்கள். கேன் கவிழும்போது அந்த முனை எண்ணெய்க்கு மேலே நிற்கும்.

கடைசியாக நுனி. மெதுவாகச் சாய்த்தால் டம்ளரின் வெளிச்சுவரோடு டீ வழிந்து மேசையில் விழுகிறதல்லவா? 1950-களில் மார்கஸ் ரைனர், ஜோசப் கெல்லர் ஆகிய இரு அறிஞர்கள் இதைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். உதட்டைத் திரும்பும் இடத்தில் திரவத்துக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது என்றார் கெல்லர். உருண்டையான தடித்த உதடு இதற்கு வசதி செய்து கொடுக்கும், கூரிய உதடு விடாது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை எடுத்துப் பாருங்கள். எந்தச் சமன்பாடும் இல்லாமல் நம் கன்னார்கள் அதன் மூக்கை எவ்வளவு மெலிதாகக் குவித்து முடித்திருக்கிறார்கள்! குறைமாதக் குழந்தைக்கு ஒரு சொட்டும் சிந்தாமல் புகட்ட நம் மருத்துவமனைகளில் இன்றும் அதைத்தான் எடுக்கிறார்கள். உங்கள் மூக்கின் நுனியில் ஒரு மெல்லிய பித்தளை வளையத்தைப் பொருத்தி, சாய்வாக வெட்டி, ஓரத்தை அரத்தால் கூராக்குங்கள். ஊற்றி முடித்ததும் நுனியை மேலே திருப்பி ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள், குழாயில் மிஞ்சிய எண்ணெய் கேனுக்கே திரும்பிவிடும். பனியன் வேஸ்டில் ஒருமுறை துடைத்து மூடியைப் போடுங்கள்.