கடவுள் மனிதராதல்: கிறிஸ்தவர் கொள்கையும் சைவர் கொள்கையும்

சைவசமயங் கற்பிக்கும் ஆசிரியர்காள்! ரிவர்ஸ்டன் மலையை அடுத்த மாத்தளைத் தோட்டங்களிற் சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் அயலவராய் வளர்கின்றனர். “கடவுள் மனிதராய்ப் பிறப்பாரா?” என்று மாணவர் வினவுவர். அவ்விடத்துப் பிறர் கொள்கையைப் பிழைபடக் கூறின், அயலிலுள்ள பிள்ளையே அதனைத் திருத்தும். பின்னர் நாம் சைவத்தைப்பற்றிக் கூறுவதும் நம்பப்படாது. ஆதலின் இரண்டையும் உள்ளவாறே அறிதல் வேண்டும்.

கிறிஸ்தவர் கொள்கை: மிஷன் பாடசாலையில் நாம் கற்றதனைச் சுருக்கிக் கூறுதும். கடவுள் தம் இயல்பை இழந்து மனிதராய் மாறினார் என்று அவர் கொள்ளார். ரிவர்ஸ்டன் சிகரத்து மூடுபனிபோலத் தோன்றி மறையும் பொய்யுடல் எடுத்தார் என்பதையும் மறுப்பர். கி.பி. 451 இற் கல்கெதோன் நகரிற் கூடிய சங்கம், இயேசுவாகிய ஒருவரிடத்தே தெய்வ இயல்பும் மனித இயல்பும் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என வரையறுத்தது. அவர் பட்ட பசியும் நோவும் மரணமும் மெய்யே என்பதும், மாந்தர் பாவம் நீங்குதற்பொருட்டு அவற்றை ஏற்றார் என்பதும் அவர்தங் கொள்கை.

சைவர் கொள்கை: பிறப்பு வினைவழி வருவது; வினையில்லாத சிவபெருமானுக்குப் பிறப்பில்லை. எனினும், பக்குவமுற்ற ஆன்மாவுக்கு அவரே குருவாய் வந்து உணர்த்துவர் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தாற் பெறப்படும். அவர் கொள்ளுந் திருமேனி அருளாலாயது. ஆயின், வினைக்கொள்கையை ஏலாத கிறிஸ்தவரை இந்நியாயம் ஒன்றாலே மறுத்துவிடலாம் என்று எண்ணற்க.

வேறுபாடு: பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை மாணவர்க்கு எடுத்துக்காட்டுக. வந்தியின் கூலியாளாய் வந்த பெருமானைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அவன்மேலும் எல்லாவுயிர்மேலும் பட்டது. கிறிஸ்தவரோ, எல்லார்க்கும் உரிய அடியை ஒருவரே ஏற்றார் என்பர். முன்னையது இறைவன் உயிர்தோறும் பிரிவின்றி நிற்றலை உணர்த்தும். பின்னையது பிறர்க்காகத் தாம் ஏற்றலை உணர்த்தும். உயிர்க்கு இரங்குதல் இரண்டிற்கும் பொது. இரங்கும் முறையே வேறு.

நாவலர் காட்டிய வழி: ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். 1854 இற் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது, அந்நூலையே எடுத்துக்காட்டி விடை பகர்ந்தார். பிறர் நூலைச் செவ்வனே அறிந்தமையே அவர்க்கு வலியாயிற்று. இகழ்ச்சி வலியன்று, அறிவே வலி.

வினாக்கள்:
1. சிவபெருமானுக்குப் பிறப்பில்லை என்பது எதனால்?
2. இயேசுவின் உடல் வெறுந் தோற்றம் என்பதைக் கிறிஸ்தவர் ஏற்பரா?
3. பாண்டியன் அடித்த அடி எல்லாவுயிர்மேலும் பட்டமை எதனை உணர்த்தும்?