மண்ணுக்குள் இறங்கிய சுவர்

நெடுங்கண்டம், சேனாபதி, சாந்தன்பாறை, பூப்பாறை என்று இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை வட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் சமதளத்தில் நிற்கும் வீடு அபூர்வம். சரிவை ஜேசிபி வைத்து வெட்டி, வெட்டின மண்ணை முன்னால் தள்ளி, கிடைத்த திட்டில் வீடு எழுப்புகிறோம். ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்த்தால் இரண்டு மாடி. கீழ்வீட்டின் முன்சுவருக்கு வெயிலும் காற்றும் கிடைக்கும். பின்சுவர் முழுக்க மண்ணோடு ஒட்டி நிற்கும். கொத்து வேலைக்காகப் போடியிலிருந்து மலையேறி வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு, மழைக்காலத்தில் வரும் போன்களில் முக்கால்வாசி அந்தப் பின்சுவரைப் பற்றித்தான்.

கீழ்வீட்டில்தான் பலர் ஏலக்காய் மூட்டையை வைக்கிறார்கள். புற்றடியிலும் போடியிலும் ஏலத்தில் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிற காய் அது. ஸ்டோரில் பத்து சதவீத ஈரம் வரை உலர்த்தி எடுத்த காயை ஓதம் அடிக்கிற அறையில் வைத்தால் பச்சை நிறம் வெளுத்து, பூசணம் பிடித்து, ஒரு வருஷ உழைப்பு தரம் இறங்கிப் போகும். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அதே மாதிரிச் சுவரை ஒட்டிப் பாய் போட்டுத்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள். இருமலும் இழுப்பும் மழை முடிந்தும் விடாத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஓதத்தை வெறும் பெயிண்ட் விவகாரமாக என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

"ஏன் மேஸ்திரி, போன வருஷம்தானே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சோம்?" என்று சேனாபதிப் பக்கம் ஒரு அக்கா கேட்டார். பெயிண்ட் தோல் மாதிரி உப்பி நின்றது. விரலால் அழுத்தினேன், உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. "அக்கா, தண்ணி அந்தப் பக்கமிருந்து தள்ளுது. இந்தப் பக்கம் நின்னுக்கிட்டுப் பெயிண்டால அதைத் தடுக்க முடியாது" என்றேன். சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம் விழும். பத்தடிச் சுவருக்குப் பின்னால் முழுக்க நின்றால் அடியில் மூன்று டன். பெயிண்ட் என்ன, நாலு இஞ்சுக் கட்டைச் சுவரே பிதுங்கும்.

ஆகவே சுவரில் கை வைக்குமுன் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் முதலில் கேட்பது, "எப்போ நனையுது?" என்பதுதான்.

மழை பிடித்த ஒரு மணி நேரத்தில் சுவர் நனைந்தால், அது மேல்தண்ணீர். கூரையிலிருந்து கொட்டுவதோ, முற்றத்தில் ஓடுவதோ சுவரோரம் இறங்குகிறது. மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து நனைந்து, வெயில் வந்தபிறகும் வாரக்கணக்கில் நின்றால், அது மலைக்குள் இருந்து வரும் ஊற்று. ஏலக்காட்டு மண் இலைச்சருகு மூடிய மண், மழையை ஓடவிடாமல் குடித்துக்கொள்ளும். குடித்ததை மெதுவாகச் சரிவுக்குள் இறக்கி, நாம் வெட்டின இடத்தில் கொண்டுவந்து விடும். தரையிலிருந்து முழங்கால் அல்லது இடுப்பு உயரம் வரை மட்டும் ஒரே மட்டத்தில் வருஷம் முழுக்க ஈரம் இருந்து வெள்ளை உப்புப் பூத்தால், அஸ்திவாரத்தில் டிபிசி என்கிற ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாமல் தரை ஈரம் மேலே ஏறுகிறது.

மார்ச் மாத வெயிலிலும் நனைந்தால்? அப்போது மேலே ஏறிப் போய்ப் பாருங்கள். மேல்தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் ஓடும், இல்லையென்றால் படுதாக்குளம் இருக்கும். குழி தோண்டிப் படுதா விரித்து ஏலத்துக்குத் தண்ணீர் சேர்த்து வைப்பது எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. படுதாவில் ஓர் எலி ஓட்டை போதும், கோடையெல்லாம் கீழ்வீட்டுச் சுவர் அழும். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் காரணமாக இருந்தால் வாடையே சொல்லிவிடும்.

மழையே இல்லாமல், மூடுபனி இறங்குகிற நாளில் தரையும் சுவரும் வியர்ப்பது வேறு. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், குளிர்ந்த மண்ணோடு ஒட்டின சுவரில் காற்றின் ஈரமே படிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைப்பதும், கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதுமே பாதி வேலையைச் செய்துவிடும். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து வருகிறது.

வைத்தியத்தை நான் மேலேயிருந்துதான் தொடங்குவேன், செலவும் அதில்தான் குறைவு. நூறு சதுர மீட்டர் கூரையில் நூறு மில்லிமீட்டர் மழை விழுந்தால் பத்தாயிரம் லிட்டர். இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையில் அப்படிப்பட்ட நாட்கள் இங்கே வரும். அத்தனையையும் பின்சுவர் ஓரம் கொட்டவிட்டு உள்ளே பூசி என்ன பயன்? கூரை விளிம்பில் பாத்தி மாட்டிக் குழாய் வழியே பள்ளத்துப் பக்கம் இறக்குங்கள். வெட்டின திட்டுக்கு மேலே குறுக்காக ஓர் ஓடை எடுத்து, சரிவில் வரும் தண்ணீரை வீட்டுக்குப் பக்கவாட்டில் திருப்புங்கள். இந்த இரண்டோடு ஓதம் நின்றுபோன வீடுகள் உண்டு. அங்கெல்லாம் சுவரைத் தொட வேண்டிய வேலையே வரவில்லை.

நிற்கவில்லை என்றால் சுவருக்குப் பின்னால் தோண்ட வேண்டும். எங்களுக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, துலாவர்ஷம் என்கிற வடகிழக்கு மழையும் உண்டு. மண் கொஞ்சம் காய்ந்து கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரைதான், அந்த மாதங்களில் மட்டும் தோண்டுங்கள். அதுவும் ஐந்தாறு அடி நீளம் தோண்டி, முடித்து, மூடிவிட்டுத்தான் அடுத்த ஐந்தாறு அடி. முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறந்தால் திட்டு சரிந்து உள்ளே நிற்கிற ஆள் மேல் விழும். பலகை முட்டுக் கொடுக்காமல் ஆளுயரக் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள், கூலிக்கு வந்தவர் இறங்கத் தயார் என்றாலும்.

தரைமட்டத்துக்கு ஓரடி கீழே வரை தோண்டி, அஸ்திவாரத்தின் அடிக்குக் கீழே போகாமல் நிறுத்துங்கள். சுவரைக் கழுவிக் காயவிட்டு, ஒன்றுக்கு நாலு கலவையில் வாட்டர்ப்ரூஃப் லிக்விட் கலந்து பூசுங்கள். பெரும்பாலும் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி, டப்பாவில் போட்டிருக்கிற அளவைத் தாண்ட வேண்டாம். பூச்சு காய்ந்தபின் தார்ப்பூச்சு இரண்டு கோட், அதன்மேல் கனமான ஷீட். அடியில் நாலு இஞ்சு துளைக் குழாயை, துளை கீழ்நோக்கி இருக்கும்படி, நூறடிக்கு ஓரடி வாட்டத்தில் போட்டு, வடிகட்டித் துணி சுற்றி, மேலே முக்கால் இஞ்சு ஜல்லியை நிரப்புங்கள். தோண்டின மண்ணையே திரும்பச் சுவரோடு அடித்தால் செய்த வேலை வீண், ஜல்லிதான் தண்ணீரைக் கீழே இறக்கும். மேல் ஓரடி மட்டும் களிமண், வீட்டிலிருந்து வெளியே சாயும்படி. குழாயின் வாய் பள்ளத்துப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். எலி நுழையாமல் வலை கட்டி, ஒவ்வொரு மே மாதமும் சுத்தம் செய்யுங்கள்.

பின்னால் பாறை, அல்லது அடுத்தவர் நிலம், தோண்டவே முடியாது என்ற வீடுகளும் உண்டு. அங்கே தண்ணீரை உள்ளே வரவழைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். வண்டன்மேட்டில் ஹாலோ பிளாக் சுவர் ஒன்றில், தரையை ஒட்டின வரிசையில் டிரில் போட்டேன். பிட்டை உருவினதும் பேனாத் தடிமனில் செம்மண் நிறத் தண்ணீர் பீய்ச்சி, கொஞ்ச நேரத்தில் தெளிந்து, ஒரு வாளி நிறைந்த பிறகே சொட்டாக மாறியது. கட்டையின் பொந்துக்குள் அத்தனையும் நின்றிருக்கிறது. வரிசையாகத் துளை போட்டு, சுவரடியில் சின்னக் காடி வெட்டி, மூன்று இஞ்சு இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பினோம். இடைவெளிக்குள் வரும் தண்ணீர் காடியில் விழுந்து பள்ளத்துப் பக்கம் போகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ நிலத்தடித் தளத்துக்கு மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். நமக்கு ஒரு பக்கம் திறந்த சரிவு இருப்பதால் கரண்ட் போனாலும் தண்ணீர் தானே இறங்கும். மலை வீட்டுக்குக் கிடைத்த பெரிய வசதி இது.

தரை ஊறினால் டைல்ஸ் மாற்றுவதில் அர்த்தமில்லை. பெயர்த்தெடுத்து, ஆறு இஞ்சு ஜல்லி, அதன்மேல் 1000 கேஜ் பாலித்தீன் ஷீட்டைச் சுவரோரம் மேலே ஏற்றி விரித்து, நாலு இஞ்சு கான்கிரீட் போட வேண்டும். ஜல்லிக்குள்ளிருந்தும் ஒரு குழாயை வெளியே விடுங்கள்.

எல்லாம் முடிந்தவுடன் புட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்க எல்லோருக்கும் அவசரம். ஒரு இஞ்சுச் சுவர் காய ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. ஒன்பது இஞ்சுச் சுவருக்கு ஒன்பது மாதம், எங்கள் குளிரில் இன்னும் கூடும். அதுவரை உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். கண்டிப்பாக ஏதாவது பூச வேண்டும் என்றால் சுண்ணாம்பு பூசுங்கள், அது ஈரத்தை வெளியே விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் தெளிந்த தண்ணீருக்கு. 2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் ஷட்டரை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்த அந்த மழையில், பல வீடுகளின் தரையில் ஊற்று கிளம்பியது. அந்த மாதிரி நாட்களில் கவனிக்க வேண்டியது தண்ணீரின் நிறம். தெளிவாக வந்தது திடீரென்று சேறாகக் கலங்கினால், ஓடின ஊற்று சட்டென்று நின்றால், புது இடத்தில் கிளம்பினால், கதவு நிலையில் இறுகினால், திட்டுக்கு மேலே பிறை மாதிரி விரிசல் கண்டால், சரிவு நகரத் தொடங்கியிருக்கலாம். மண்ணுக்குள்ளேயே குழாய் போல் அரித்துக்கொண்டு போகும் அரிப்பையும் ஆய்வாளர்கள் இடுக்கி மலைகளில் பதிவு செய்திருக்கிறார்கள். வெளியே எதுவும் தெரியாது, உள்ளே மண் போய்க்கொண்டிருக்கும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடி மண்சரிவில் லயத்தோடு போன 70 பேரும் நம் சனம்தான்.

கலங்கல் வந்தால் மேஸ்திரியைக் கூப்பிடாதீர்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, பகலோ ராத்திரியோ, அந்தச் சரிவுக்கு நேர்கீழே இல்லாத வீட்டுக்குப் போய்விடுங்கள். வில்லேஜ் ஆபீசுக்கும் பஞ்சாயத்துக்கும் சொல்லுங்கள், பக்கத்து லயத்துக்கும் ஆள் அனுப்புங்கள். மழை விட்டு, ஊற்று தெளிந்து, விரிசல் விரியவில்லை என்று தெரிந்தவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகு சுவரைப் பார்த்துக்கொள்ளலாம்.