குருத்தணு மாற்றுக்குக் காத்திருப்போரும் இல்லத்து நடைப் பயிற்சியும்

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கரமனையில், ஆற்றை அடுத்த அக்கிரகாரத் தெருக்களில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கு ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டால், 1981-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம் அதே நகரில் உள்ளது. ஆயின் முதற் சிகிச்சைக்குப் பின், குருத்தணு மாற்றுக்குரிய நாள் வரும் வரை, நோயாளி பல வாரங்கள் வீட்டிலேயே காத்திருக்க நேரிடும். அக்காலத்தில் செய்யத் தக்கது யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

குருத்தணு மாற்று

சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூன்றுக்கும் மூலமானவை எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல் எனும் குருத்தணுக்கள். கடுமையான மருந்துகளால் நோயுற்ற மஜ்ஜையை ஒடுக்கியபின், நோயாளியிடமே முன்னர் எடுத்துவைத்த அல்லது கொடையாளி அளித்த குருத்தணுக்களை இரத்தக் குழாய் வழியே செலுத்துவர். அவை வேரூன்ற ஏறத்தாழ 2 முதல் 4 வாரங்கள் ஆகும். இந்தியாவில் இச்சிகிச்சை 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிற்று.

நடையின் தேவை

நோயாளியை எழவிடாமல் படுக்கையிலேயே வைத்துப் பேணுவதே அன்பு என்று வீட்டார் கருதுவது இயல்பு. அவ்வன்பே தீங்காகவும் முடியலாம். 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடல்நலமுள்ள முதியோர் 10 நாட்கள் படுக்கையில் இருந்த அளவிலேயே அவர்தம் கால்களின் தசை ஏறத்தாழ 1 கிலோகிராம் குறைந்தது. மருந்தாலும் நோயாலும் மெலிந்தவர் நிலையைக் கூற வேண்டுவதில்லை. நடை புற்றுநோயைக் குணப்படுத்தாது. ஆனால் தசை வலுவையும் மூச்சாற்றலையும் காத்து, கடுஞ்சிகிச்சையைத் தாங்கும் உடலை ஆயத்தம் செய்கின்றது.

செய்முறை

முதலில் மருத்துவரின் இசைவு பெறுதல் வேண்டும். அவர் வேறு அளவு கூறாவிடில், தொடக்கத்தில் காலையும் மாலையும் 5 நிமிடங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நடக்கலாம். களைப்பு மிகாவிடில், சில நாட்களுக்கு ஒருமுறை 2 நிமிடங்கள் கூட்டி, நாளொன்றுக்கு 30 நிமிடங்கள் வரை உயர்த்தலாம். வேகத்தை அறிய எளிய வழி உண்டு: நடப்பவர் பேச முடிய வேண்டும், பாட முடியலாகாது. பாட முடியுமாயின் வேகம் குறைவு. பேச்சே தடைப்படின் வேகம் மிகுதி.

கரமனைப் பாலத்தை ஒட்டிய நெடுஞ்சாலையில் நெரிசலும் புகையும் மிகுதி. சந்தைக் கூட்டமும், கட்டட வேலைப் புழுதியும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு ஆகா. புழுதியிலுள்ள பூஞ்சை நுண்விதைகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். மழைக்காலத்தில் பாசி படிந்த முற்றம் வழுக்கும். ஆதலின் உள் தாழ்வாரமே சாலச் சிறந்தது. அடி வழுக்காத செருப்பு அணிதல் நன்று.

நிறுத்த வேண்டிய நிலைகள்

1. உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட் பாகையை எட்டுதல். இந்நிலையில் தாமதமின்றி மருத்துவமனையை நாடுக.
2. நெஞ்சுவலி, மயக்கம், மிகுந்த மூச்சிரைப்பு.
3. ஈறு, மூக்கு முதலியவற்றில் இரத்தக் கசிவு. தோலில் புதிய செம்புள்ளிகள்.
4. தட்டணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 20,000-க்கும், ஹீமோகுளோபின் 8 கிராமுக்கும் கீழே இறங்குதல். மருத்துவரைக் கேளாமல் நடக்கலாகாது.
5. மைலோமா நோயாளிக்குப் புதிய எலும்பு வலி தோன்றுதல்.

பணியாளர் கடமை

களப்பணியாளர் ஒரு குறிப்பேட்டில் நாள், நடந்த நிமிடங்கள், களைப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றை எழுதப் பழக்குக. நடவாத நாளையும் ஒளிக்காமல் குறிக்கச் சொல்லுக, அதற்காகக் கடிந்துரையற்க. அக்குறிப்பேடு அடுத்த பரிசோதனையின்போது மருத்துவருக்குப் பயன்படும். ஆசிரியர்கள் இப்பாடத்தைப் பெற்றோர் கூட்டங்களில் விளக்கலாம். வீட்டார் ஒருவர் உடன் நடப்பாராயின், நோயாளியின் காத்திருப்பு தனிமையாக இராது.

பயிற்சி வினாக்கள்

1. நீண்ட படுக்கை வாசம் குருத்தணு மாற்றுக்கு முன் ஏன் தீங்கு பயக்கும்?
2. கருவி ஏதுமின்றி நடைவேகத்தை அளப்பது எவ்வாறு?
3. உங்கள் ஊரில் நோயாளி நடத்தற்கேற்ற இடம் எது? காரணம் தருக.