பிளஸ் ஒன் வந்ததும் ஒதுங்கும் பிள்ளை

வெள்ளியங்காடு, தாயனூர்ப் பக்கமிருந்து காரமடைக்குப் பஸ் ஏறி, புதிதாகப் பிளஸ் ஒன் சேரும் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டால் பெற்றோர் பதற வேண்டாம். வகுப்பில் பலரும் ஏற்கெனவே கூட்டாளிகள். வாய் திறந்தால் எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள் என்ற அச்சம் பிள்ளையைக் கட்டிப்போடுகிறது.

அந்த அச்சம் உண்மையைவிடப் பெரியது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சங்கடமான படம் போட்ட பனியனோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று பனியன் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

கூச்சம் நோயல்ல. ஆனால் வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாளில் வயிற்று வலி, சாப்பாட்டு நேரத்தில் தனியே மறைவது, விடுப்பு கூடுவது ஆகியவை ஆறு மாதம் நீடித்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக (பிறர் மதிப்பீட்டுக்கு அஞ்சி ஒதுங்கும் நிலை) இருக்கலாம்.

'நல்லாப் பேசு சாமி' என்று நச்சரிப்பதால் நட்பு வராது. அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்கிட்டபடி, அறிமுகமானவர் சாதாரண நண்பராகவே ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். ஆகவே ஒரே ஆளோடு திரும்பத் திரும்பச் சேர்ந்திருக்க வழி செய்யுங்கள். அதே பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை போதும். நாட்டு நலப்பணித் திட்டம், கலைத் திருவிழா போன்றவற்றில் மேடையேறாத வேலைகளும் உண்டு. கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். முதல் வாரம் பக்கத்து இருக்கையில் ஒரு பாடச் சந்தேகம், அடுத்த வாரம் சேர்ந்து சாப்பாடு. இதுவே படிப்படிப் பழக்கம் (அஞ்சுவதைச் சிறிது சிறிதாகச் செய்து பார்ப்பது).

விருந்தாளிகள் முன் 'எங்க பையன் வாயே திறக்க மாட்டானுங்க' என்று சொல்வதை இன்றே நிறுத்துங்கள். கூட்டத்தில் தள்ளிவிட்டால் கூச்சம் தெளியும் என்பது தவறு, அச்சம்தான் கூடும். மந்திரிப்பது உங்கள் நம்பிக்கை, அதற்காக, மேலே சொன்ன அறிகுறிகள் நீடிக்கும்போது மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

யாராவது கேலி செய்வதால் ஒதுங்கினால், வகுப்பாசிரியரைத் தனியே பாருங்கள். கேலி செய்யும் பிள்ளைகள் முன் வேண்டாம்.