கல்தச்சர் குடிவழியும் கல்வெட்டுச் சான்றும்

முன்னுரை

மன்னர் குலங்களின் வழிமுறையைக் கூற மெய்க்கீர்த்திகள் உள்ளன, செப்பேடுகள் உள்ளன. புலவர் வரலாற்றைக் கூறப் பாயிரங்களும் தனிப்பாடல்களும் உள்ளன. ஆனால் அம்மெய்க்கீர்த்திகளைக் கல்லில் வெட்டியவனின் தந்தை யார், பாட்டன் யார் என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை. கல்லை உடைத்தும் செதுக்கியும் அடுக்கியும் வாழ்ந்த குடும்பங்கள் பிறர் பெயரை நிலைநிறுத்தின. தம் பெயரை எழுதிக்கொண்டவை மிகச் சிலவே. அச்சிலவற்றைக் கொண்டு ஒரு கல்தச்சர் குடும்பத்தின் குடிவழியை எவ்வாறு தேடுவது, தேடும்போது எவ்வெவ்விடங்களில் விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பவற்றை எடுத்துக்காட்டுகளுடன் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகளின் வகை

குடிவழி ஆய்வுக்குப் பயன்படும் சான்றுகளை நான்காகப் பகுக்கலாம். கலைஞர் தாமே தம் படைப்பில் பொறித்த கையொப்பம் முதலாவது. கோயிலோ கோட்டையோ எழுப்பியவர் வெட்டுவித்த கல்வெட்டும் அரசவை வரலாறும் இரண்டாவது. அக்குடும்பத்தார் எழுதிய நூலும் பாட்டும் மூன்றாவது. மக்களிடையே வாய்மொழியாக வழங்கும் கதை நான்காவது. இந்நான்கும் ஒரே மதிப்புடையன அல்ல. நிகழ்ச்சிக்கு நெருங்கிய காலத்தில், நேரில் அறிந்தவரால் எழுதப்பட்டது எது என்ற வினாவே அவற்றை நிறுக்கும் துலாக்கோலாகும்.

பேலூரில் மூன்று தலைமுறை

கருநாடக மாநிலத்தின் ஹாசன் மாவட்டத்தில் உள்ள பேலூர், ஹொய்சளர் எனப்படும் போசள மன்னர்களின் தலைநகரங்களுள் ஒன்று. அங்கே விஷ்ணுவர்த்தனன் எடுப்பித்த கேசவர் கோயில் 1117ஆம் ஆண்டைச் சார்ந்தது. அது மாக்கல்லால் ஆனது. இக்கல் வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றும் வெயிலும் பட்டபின் இறுகும் தன்மையது. ஆகவே உளியின் நுண்மையான கோட்டையும் அது ஏற்றுக்கொள்கிறது. நம் நாட்டுக் கருங்கல்லில் அரிதாகிய நுண்வேலை அங்கு எளிதாயிற்று. சிற்பி தன் பெயரைச் சிறிய எழுத்தில் பொறிப்பதும் எளிதாயிற்று.

அக்கோயிலின் வெளிப்புறத் தூண்களின் மேல், கூரையின் இறவாரத்தைத் தாங்குவனபோல 38 மங்கையர் உருவங்கள் உள்ளன. அவற்றுட் சிலவற்றின் பீடத்தில் செதுக்கியவர் பெயர் காணப்படுகின்றது. பி. எல். ரைஸ், ஆர். நரசிம்மாச்சார் முதலிய கல்வெட்டறிஞர்கள் இவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்தனர். அப்பெயர்களுள் நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவன இரண்டு. ஒருவர் பல்லிகாவி ஊரைச் சார்ந்த, இராமோஜன் மகன் தாசோஜன். மற்றவர் அத்தாசோஜன் மகன் சாவணன்.

இச்சிறு தொடர்களிலிருந்து அறியத்தக்கன பல. முதலாவது, இராமோஜன், தாசோஜன், சாவணன் என மூன்று தலைமுறை நேர்வரிசையில் கிடைக்கின்றது. ஒவ்வொரு மகனும் தந்தையின் பெயரைக் கூறியதால் அமைந்த சங்கிலி இது. இராமோஜன் பேலூரில் பணியாற்றினாரா என்பதை இத்தொடர் கூறவில்லை. ஆயினும் மகன் கையொப்பத்தால் அவர் பெயர் வாழ்கின்றது.

இரண்டாவது, குடும்பத்தின் ஊர் தெரிகின்றது. பல்லிகாவி இன்றைய சிவமொக்கா மாவட்டத்தில், பேலூருக்கு வடக்கே நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அது மேலைச் சாளுக்கியர் ஆட்சியில் வனவாசி நாட்டின் தலைமை இடமாகவும் கல்விக்கும் கோயிற் கலைக்கும் பெயர் பெற்ற நகரமாகவும் விளங்கியது. ஆதலின் சாளுக்கிய நாட்டில் பயின்ற கைத்திறன் ஹொய்சள நாட்டிற்கு எவ்வழியே வந்தது என்பதற்கு இக்குடும்பமே சான்றாகின்றது. கதக் ஊரைச் சார்ந்த நாகோஜன் என்பவரும் அங்கே கையொப்பமிட்டிருப்பது இதனை மேலும் வலியுறுத்தும். அரசர்கள் போரிட்டுக்கொண்ட எல்லையைக் கலைஞர்கள் உளியோடு கடந்து சென்றனர்.

மூன்றாவது, தொழிலும் தொழிற்பெருமையும் விளங்குகின்றன. 'ஓஜன்' என்னும் ஈறு ஆசிரியர் எனப் பொருள்படும் உபாத்தியாயர் என்னும் சொல்லின் திரிபு என்பர். உருவம் செய்வோரைக் குறிக்கும் 'ரூவாரி' என்னும் சொல்லும் இக்கையொப்பங்களில் பயின்று வருகின்றது. சாவணன் பெயரோடு வரும் விருது, பட்டம் தாங்கிய போட்டிச் சிற்பியரை மன்மதனாகவும் தம்மை அவனை எரித்த சிவனாகவும் உருவகிக்கின்றது. கலைஞர் தம்மை அடையாளமற்ற கூலியாளராகக் கருதவில்லை என்பது இதனால் தெளிவாகும்.

பெயர் ஒற்றுமையும் ஆள் ஒற்றுமையும்

குடிவழி தேடுவோர் பெரிதும் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. ஒரே பெயர் ஈரிடங்களில் கிடைத்துவிட்டால், இருவரும் ஒருவரே எனத் துணிந்துவிடுவதே அது. ஹொய்சளச் சிற்பியருள் மல்லிதம்மன் என்னும் பெயர் புகழ் மிக்கது. 1196ஐச் சார்ந்த அமிர்தபுரக் கோயிலில் அப்பெயர் காணப்படுகின்றது. 1246ஐச் சார்ந்த நுக்கேஹள்ளிக் கோயிலில் மீண்டும் வருகின்றது. 1258ஐ ஒட்டி எழுந்த சோமநாதபுரக் கேசவர் கோயிலிலோ மிகப் பல உருவங்களின் கீழ் அதுவே உள்ளது.

முதற் கோயிலுக்கும் இறுதிக் கோயிலுக்கும் இடையே 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் உள்ளது. இருபது வயதில் அமிர்தபுரத்தில் உளி பிடித்தவர் சோமநாதபுரத்தில் எண்பதைக் கடந்திருப்பார். நீண்ட ஆயுள் பெற்ற ஒருவராக இருக்கலாம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் இருவராகவும் இருக்கலாம். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததன்றோ! பெயரோடு தந்தை பெயரும் ஊரும் காலமும் ஒத்து வந்தாலன்றி இருவரை ஒருவராக்குதல் கூடாது. தாசோஜன் குடும்பத்தில் நாம் துணிந்து கூற முடிந்ததை மல்லிதம்மனிடம் கூற முடியாமைக்குக் காரணம் இதுவே.

பட்டப்பெயரில் மறைந்த தந்தை

தமிழகத்தில் நிலைமை சற்று வேறுபட்டது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் உள்ள பாறையில் பல்லவர் கால எழுத்தில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கலியாணி, கொல்லன் சேமகன் முதலிய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாமல்லபுரக் கற்றளிகளைச் செதுக்கிய தொழிலாளர் இவர்களே எனக் கருதுவர். உளியை வடித்துத் தந்த கொல்லனும் கல்தச்சரோடு சேர்த்து எண்ணப்பட்டிருப்பது நினைவில் கொள்ளத்தக்கது. ஆனால் இன்னார் மகன் என்னும் குறிப்பு அங்கில்லை.

1010இல் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலில், வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் கல்வெட்டிலேயே இடம்பெற்றுள்ளது. பேரரசன் தன் பெயரையே பட்டமாகத் தச்சனுக்கு அளித்தான் என்பது பெருஞ்சிறப்பு. எனினும் குடிவழி ஆய்வாளனுக்கு அச்சிறப்பே ஒரு திரையாகின்றது. பட்டம் அரசனோடு உள்ள உறவைக் காட்டும்; தந்தையோடு உள்ள உறவைக் காட்டாது. புகழ் மிக்க தஞ்சைத் தச்சனுக்கு முன்னோர் வரிசை எழுத இயலவில்லை. இறவாரத்தின் கீழ் ஓரடி இடத்தில் தந்தை பெயரை எழுதிய சாவணனுக்கு எழுத இயலுகின்றது.

கல் கூறாததைக் கவிதை கூறியது

கல்லில் கையொப்பமே இல்லாத கட்டடமாயின் என் செய்வது? இதற்கு ஆக்ராவின் தாஜ்மகால் தக்க எடுத்துக்காட்டு. 1632ஐ ஒட்டிப் பணி தொடங்கிய அம்மாளிகையில் பெயர் பொறித்துக்கொண்டவர் எழுத்தணிக் கலைஞர் அமானத் கான் ஒருவரே. கல்தச்சர் இட்ட விண்மீன் முதலிய குறிகள் கற்களில் உள்ளன. அவை குழு அடையாளத்திற்காகவோ கூலிக் கணக்கிற்காகவோ இடப்பட்டிருத்தல் வேண்டும். அரசவை வரலாறாகிய பாதுஷாநாமா, பணியை மேற்பார்த்த மக்ரமத் கான், மீர் அப்துல் கரீம் ஆகியோரைக் குறிக்கின்றது; வடிவமைத்தவரைக் குறிக்கவில்லை. 1639இல் தொடங்கிய தில்லிச் செங்கோட்டைப் பணியைக் கூறுமிடத்தில்தான் உஸ்தாத் அகமது, உஸ்தாத் ஹமீது என்னும் இரு பெயர்கள் வருகின்றன.

இவ்வெற்றிடத்தை நிரப்பியவர் அகமதின் மகன். லுத்புல்லா முஹந்திஸ் என்னும் அவர் பாரசீகத்தில் பாடிய கவிதைத் தொகுப்பில், தம் தந்தை தாஜ்மகாலையும் தில்லிக் கோட்டையையும் கட்டியவர் என்றும், 'நாதிருல் அஸ்ர்', அதாவது காலத்தின் அற்புதம் என்னும் பட்டம் பெற்றவர் என்றும் கூறியுள்ளார். 1930களில் அறிஞர் சையது சுலைமான் நத்வி இச்செய்தியை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். 1649இல் மறைந்த ஒருவரின் பெயர் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் மகனின் பாட்டால் மீண்டது.

மகன் தந்தையைப் புகழ்வது இயல்பாதலின், இதனைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும். அவ்வாறு ஒப்பிட உதவும் கல்வெட்டொன்று மத்தியப் பிரதேசத்து மாண்டுவில் உள்ளது. அங்குள்ள ஹோஷங் ஷாவின் கல்லறை மாடத்தைக் காண 1659இல் நால்வர் வந்தனர். உஸ்தாத் அகமது மிஃமார் மகன் லுத்புல்லா முஹந்திஸ், குவாஜா ஜாதுராய், உஸ்தாத் சிவராம், உஸ்தாத் ஹமீது என்போர் அவர்கள். தமக்கு முற்பட்ட தொழில்வல்லாருக்கு மரியாதை செலுத்தித் தம் வருகையைக் கல்லில் பதித்துச் சென்றனர். மிஃமார் என்பது கட்டடம் கட்டுவோரைக் குறிக்கும் அரபுச் சொல். பாட்டில் கூறிய தந்தை பெயரையும் தொழிலையும் கல் உறுதி செய்கின்றது. சமயத்தால் வேறுபட்ட நால்வரும் தொழிலால் ஒரு குடும்பத்தாராக நின்றதையும் அக்கல்லே காட்டுகின்றது.

இக்குடும்பத்தின் மற்றொரு மகனாகிய அதாவுல்லா, ஔரங்காபாத்தில் (இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர்) 1660ஐ ஒட்டி எழுந்த பீபி கா மக்பராவின் கலைஞராக அதன் வாயிற்கதவில் குறிக்கப்பெறுகிறார். பாஸ்கரரின் பீஜகணித நூலை வடமொழியிலிருந்து பாரசீகத்தில் பெயர்த்தவரும் இவரே. லுத்புல்லாவின் மக்கள் கணிதத்திலும் வானியலிலும் ஈடுபட்டனர். கல்லை அளந்த குடும்பம் மூன்றாம் தலைமுறையில் விண்ணை அளக்கும் குடும்பமாயிற்று.

கதையும் ஆவணமும்

பேலூரைக் கண்டு வருவோரிடம் சிற்பி யாரெனக் கேட்டால், ஜக்கணாச்சாரி என்பர். வீட்டைத் துறந்து வந்த ஜக்கணன் செதுக்கிய சிலையில் குறையுண்டு என ஓர் இளைஞன் கூறினான். கல்லுக்குள் தேரை இருந்தது. சூளுரைத்தபடி ஜக்கணன் தன் வலக்கையை வெட்டிக்கொண்டான். பின்னர் அவ்விளைஞன் தன் மகன் டங்கணனே என அறிந்தான் என்பது கதை. உள்ளத்தை உருக்கும் கதைதான். ஆனால் பேலூர்க் கையொப்பங்களுள் அப்பெயர் இல்லை. தாஜ்மகாலைக் கட்டியோரின் கைகளை மன்னன் வெட்டினான் என்பதும் இத்தகைய கதையே. அக்காலத்து ஆவணம் எதுவும் அதனைக் கூறவில்லை. கட்டடக் கலைஞர் குடும்பம் அடுத்த ஆட்சியிலும் பணியாற்றியதை மேலே கண்டோம்.

இரு கதைகளும் கலைஞனின் கையை வெட்டுவதிலேயே முடிவது சிந்திக்கத்தக்கது. கதை கையைப் பறிக்கின்றது. ஆவணம் கையெழுத்தைக் காக்கின்றது. ஜக்கணன் கதையில் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறியாது போட்டியிடுகின்றனர். பேலூர்க் கல்லிலோ மகன் தந்தையின் பெயரைப் பெருமையோடு முன்வைக்கின்றான். கதையை இழிவாக எண்ண வேண்டியதில்லை. தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது என்னும் உண்மையை அது தன் வழியில் நினைவூட்டுகின்றது. ஆயினும் அதனைக் குடிவழிப் பட்டியலில் சேர்த்தல் பிழையாகும்.

இன்றைய குடும்பங்களின் தேடல்

இன்று உளி பிடிக்கும் ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேட விரும்பினால், உயிரோடிருக்கும் முதியவரிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். அறிந்ததிலிருந்து அறியாததற்குப் பின்னோக்கிப் படிப்படியாகச் செல்வதே முறை. புகழ்பெற்ற பெருந்தச்சன் ஒருவனிடமிருந்து தொடங்கித் தம்மை வந்தடைய முயல்வது தலைகீழ் முறை. வீட்டுப் பெட்டியிலுள்ள நிலப் பத்திரங்கள், அளவு நூல் ஏடுகள், பதிவு அலுவலக ஆவணங்கள், ஊர்க் கைவினைஞருக்கு விடப்பட்ட மானிய நிலங்களைப் பற்றி 1858இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள், இறுதியாகக் கல்வெட்டுத் தொகுதிகள் என்னும் வரிசையில் தேடலாம். ஒவ்வொரு படியிலும் 'இன்னார் மகன்' என்னும் தொடர் எழுத்தில் கிடைக்கின்றதா எனக் காண வேண்டும். கிடைக்காத இடத்தில் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுதல் நேர்மை.

அடக்கத்தலங்களில் உள்ள மீசான் கற்களும் இத்தேடலுக்கு உதவும். அவை மறைந்தவர் பெயரையும் பலவிடத்துத் தந்தை பெயரையும் ஆண்டையும் தாங்கியவை. வெயிலிலும் மழையிலும் அவற்றின் எழுத்துத் தேய்ந்து வருகின்றது. திருப்பணியின்போது பழங்கற்கள் புரட்டி வைக்கப்படுவதும், சுண்ணாம்பால் மறைக்கப்படுவதும் உண்டு. எழுத்து மறைந்தால் அத்தலைமுறைச் சங்கிலி அறும். பின்னர் அதனை இணைக்க எவராலும் இயலாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கல்தச்சர் குடிவழியை நமக்கு உணர்த்துவது பெரும்பாலும் மகன் தந்தையைக் குறிப்பிட்ட சிறு தொடரே என்பது பெறப்படும். மக்கட்பேற்றில் மகன் தந்தைக்கு ஆற்றும் உதவியைப் பற்றி வள்ளுவர் எடுத்துரைத்தார். சாவணன் உளியாலும் லுத்புல்லா எழுதுகோலாலும் அவ்வுதவியைச் செய்தனர். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கும் மாணவர், சற்றே குனிந்து பீடத்திலுள்ள எழுத்தையும் படித்தல் வேண்டும். தம் ஊரிலுள்ள பழங்கற்களின் எழுத்தை, அவை தேயுமுன், தேதியிட்டுப் படியெடுத்து வைத்தல் வேண்டும். அப்பணி, பெயரறியாக் கைகளுக்கு நாம் செலுத்தும் கடனாகும்.